உங்கள் கையில்

எஸ்கெல் ஓடுதளத்துக்குக் காற்று
ஆண்டீஸ் மலையைத் தாண்டி வருகிறது,
வரும்போதே யாரிடமோ சண்டை போட்டுவிட்டு.
காற்றுப்பை நாள் முழுக்கக் கிழக்கே நீண்டு
விறைத்து நிற்கும்.
ஐம்பத்தெட்டு வயதில் நான்
அங்கே பறக்கக் கற்கப் போனேன்.

முதலில் பிராகாதோ. பழைய விமானப்படைக்காரர்.
தப்பு செய்தால் பென்சிலால் முழங்காலில் தட்டுவார்.
"மாடு மேய்க்கவா வந்தீர், டாக்டர்?"
எனக்கு அவரைப் பிடித்திருந்தது.
மறைப்பானேன்,
அறுவை அறையில் என் குரலும் அதேதான்.
அவர் பித்தப்பையை நானே எடுத்தேன்.
மயக்கம் தெளிந்ததும்
தையல் கோணல் என்றார்.

அவர் படுக்கையில் கிடந்த வாரங்களுக்கு
அய்லென் ப்யூ வந்தாள்.
பெயர் மபுச்சே, குடும்பப்பெயர் வேல்ஸ்,
மூக்கு நுனியில் வெயில் உரித்த தோல்,
வயது இருபத்து நான்கு.
செஸ்னாவைச் சுற்றி வந்து
எண்ணெய் பார்த்து, டயர் அமுக்கி, கீல்களை ஆட்டி,
கடைசியில் என்னிடம் கேட்டாள்:
"நான் விட்டது ஏதாவது உங்கள் கண்ணில் பட்டதா?"
பயந்த பெண், என்று நினைத்துக்கொண்டேன்.

"என் கையில்" என்பாள் பிடிக்கும்போது.
"உங்கள் கையில்" என்பாள் விடும்போது.
நான் திருப்பிச் சொல்ல வேண்டும்,
அவள் மறுபடி சொல்ல வேண்டும்.
யாருமே பிடிக்காத ஒரு நொடி இருக்கக் கூடாதாம்.
இருவரும் பிடித்த நொடி
அதைவிட மோசமாம்.

அக்டோபரில் ஒரு நாள், பக்கக்காற்று.
பாருங்கள், இப்படித்தான், என்று அவள் இறக்கினாள்.
சக்கரம் தொட்டது. துள்ளியது.
மறுபடி துள்ளியது, இம்முறை கோணலாக.
எஞ்சின் அலற மேலே ஏறினோம்.
என் வயிறு ஓடுதளத்திலேயே தங்கிவிட்டது.
கோபுரத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.
பிறகு மாத்தே குடுவையை நீட்டுகிறவள் போல
என் பக்கம் திரும்பி:
"தப்பாகக் கணித்துவிட்டேன்.
நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களே.
என்ன பார்த்தீர்கள்?"

"வலது இறக்கையை... சீக்கிரம் நிமிர்த்திவிட்டாய்"
என்றேன்.
அது என் குரல் மாதிரியே இல்லை.
"ஆமாம்" என்றாள். "உங்கள் கையில்."

அன்று என் பறப்பேட்டில் அவள் எழுதியது:
பக்கக்காற்றில் தரையிறக்கம் இரண்டு.
ஒன்று மோசம், பயிற்சியாளர்.
ஒன்று பரவாயில்லை, மாணவர்.
கையெழுத்து, உரிம எண், தேதி.

என் ஏட்டில், என் பெயருக்குக் கீழே,
அவளுடைய தப்பு.

ரொசௌரா என்றொரு செவிலி இருந்தாள்.
ஒன்பது வருடம் முன்பு
"பஞ்சு ஒன்று குறைகிறது, டாக்டர்" என்றாள்.
"எண்ணத் தெரியாதா?" என்றேன். தைத்து மூடினேன்.
பஞ்சு உள்ளேதான் இருந்தது.
அந்த ஆள் பிழைத்தார். மரவேலைக்காரர்,
இன்னமும் தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்குகிறார்.
ரொசௌரா மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.
எந்த ஏட்டிலும் அது இல்லை.

திங்கட்கிழமை, தையல் போடும் முன்
கேட்டுப் பார்த்தேன்:
"நான் விட்டது ஏதாவது உங்கள் கண்ணில் பட்டதா?"
ஐந்து முகமூடிகள். பத்துக் கண்களும் தரையில்.
புதுவிதப் பொறி என்று நினைத்திருப்பார்கள்.
மானிட்டர் மட்டும்
தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.
அடுத்த திங்களும் கேட்டேன்.
அதற்கடுத்த திங்கள்
லவுத்தாரோவின் விரல் பாதி எழுந்து
மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

டிசம்பரில் ஒரு காலை
எஞ்சின் ஓடும்போதே கதவைத் திறந்து இறங்கினாள்.
காலி இருக்கையின் பெல்ட்டைப் பூட்டி
இழுத்துப் பார்த்தாள்.
"ஒரே ஒரு சுற்று.
சீக்கிரம் தரை விடும், திடுக்கிடாதீர்கள்.
நான் இல்லாத கனம், அவ்வளவுதான்."

நினைத்ததைவிட முன்பே தரை விட்டது.
பழக்கத்தில் "என் கையில்" என்றேன்.
திருப்பிச் சொல்ல யாருமில்லை.
கீழே வேலியோரம் ஒரு சிவப்புச் சட்டை,
பொத்தான் அளவு.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.